ஜெட் மாற்றிய கைகள்

மோட்டோகிராஸ் 500 சிசி பிரிவின் உலகப் பட்டத்தை 1965-இல் ஜெஃப் ஸ்மித் பி.எஸ்.ஏ. ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டியில் வென்றார். அடுத்த ஆண்டே கிழக்கு ஜெர்மனியின் பால் ஃப்ரீட்ரிக்ஸ், செக்கோஸ்லோவாக்கியத் தயாரிப்பான சி.இசட். டூ-ஸ்ட்ரோக்கில் வந்து அதைப் பறித்துக்கொண்டார். சிறிய வண்டிகளில் இந்த மாற்றம் முன்பே நடந்துவிட்டது. இங்கிலாந்தின் டேவ் பிக்கர்ஸ் 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளும் கிரீவ்ஸ் வண்டியில் 250 சிசி ஐரோப்பியப் பட்டம் பெற்றார். அந்தப் பிரிவு உலகப் பட்டமாக உயர்ந்த 1962-இல் ஸ்வீடனின் டோர்ஸ்டன் ஹால்மன் ஹஸ்க்வர்னாவில் வென்றார். எடை குறைவு, வால்வுகள் இல்லை, பிரித்துப் பூட்டுவது எளிது என்று இந்த வெற்றிகளுக்குக் காரணம் சொல்வார்கள். எல்லாம் சரிதான். ஆனால் அந்த வெற்றிக்கு ஒரு விலை இருந்தது. அதை வண்டி வாங்கியவர்தான் கொடுத்தார். எந்த ஜெட் போடுவது, எந்த பிளக் போடுவது என்ற எஞ்சினின் கடைசி வேலை ஆலையில் முடியாமல் அவர் கைக்கு வந்தது. இதைத் தயாரிப்பாளர்களின் அரைகுறை வேலை என்று பலர் எழுதியிருக்கிறார்கள். டூ-ஸ்ட்ரோக் எந்த வழியில் சக்தி பெற்றதோ அந்த வழியே இதைத் தவிர்க்க முடியாததாக்கியது என்பது என் கருத்து.

அந்த வழியைத் திறந்தவர் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். ஆலையில் வேலை பார்த்த வால்டர் காடன். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் புகை வெளியேறும் வாசல் திறந்திருக்கும்போதே புதுக் கலவை உள்ளே வருகிறது. அதில் ஒரு பங்கு எரியாமலே வெளியே ஓடிவிடும். சைலன்சருக்கு முன்னால் உள்ள குழாயை விரிந்து குறுகும் வடிவில் அமைத்தால், புகையின் அழுத்த அலை திரும்பி வந்து ஓடிப்போன கலவையை சிலிண்டருக்குள் தள்ளிவிடும். காடனின் 125 சிசி எஞ்சின் 1961-இல் 25 குதிரைத்திறன் தந்தது. அதாவது லிட்டருக்கு 200. சூப்பர்சார்ஜர் இல்லாத எஞ்சினுக்கு அன்று அது கேள்விப்படாத அளவு. அதே ஆண்டு ஸ்வீடன் பந்தயத்தோடு எம்.இசட். வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்குக்குத் தப்பி சுசுகியில் சேர்ந்தார், மறு ஆண்டே அவர்களுக்கு 50 சிசி உலகப் பட்டம் வாங்கித் தந்தார். அந்த அறிவு ஜப்பானுக்குப் போய் அங்கிருந்து மண் தடத்துக்கும் இறங்கியது. 1970-இல் ஜோயல் ராபர்ட் சுசுகியில் 250 சிசி மோட்டோகிராஸ் பட்டத்தை வென்றார்.

அந்த அலை எல்லா வேகத்திலும் உதவாது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. குறிப்பிட்ட சுழற்சி எல்லைக்குள் மட்டும் அது சரியான நேரத்தில் திரும்பி வரும். அந்த எல்லைக்குள் எஞ்சின் ஏறிய நொடியில் சிலிண்டரில் அடைபடும் கலவையும் வெப்பமும் ஒருசேர எகிறும். கார்புரேட்டரில் இருப்பவையோ அளவு மாறாத துளைகள். ஐடிலிலும் லேசான திராட்டிலிலும் பைலட் ஜெட், கால் முதல் முக்கால் திராட்டில் வரை நீடில், அதற்கு மேல் மெயின் ஜெட் என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தாலும், ஒவ்வொன்றும் பல நிலைகளுக்கு ஒரே பதில்தான் சொல்ல முடியும். போதாததற்கு இந்த எஞ்சினில் ஆயில் பெட்ரோலோடு கலந்தே வருகிறது. பெட்ரோல் குறைந்தால் குளிர்ச்சியும் குறைகிறது, மசகும் குறைகிறது. ஃபோர்-ஸ்ட்ரோக்கிலும் ஜெட் உண்டே என்று கேட்கலாம். அங்கே ஜெட் சற்றுச் சிறிதானால் பெரும்பாலும் இழுவைதான் குறையும். இங்கே பிஸ்டன் சீஸ் ஆகும். பயந்துபோய் ஆயிலை மட்டும் கூட்டியவர்கள் இன்னொரு குழியில் விழுந்தார்கள்: அதே துளை வழியே ஆயில் அதிகம் போனால் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையும், கலவை இன்னும் மெலியும்.

இதற்கு மேல் காற்று நிலையாக இருப்பதில்லை. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதற்குப் பெரிய ஜெட் வேண்டும். மலை மேல் காற்று மெல்லியது, சிறிய ஜெட் போதும். சென்னையில் சரியாக ஓடும் ஆர்.எக்ஸ். 100 வண்டியை 2,240 மீட்டர் உயரத்து ஊட்டிக்கு ஏற்றினால் பெட்ரோல் தூக்கலாகி, புகை தள்ளி, பிளக் கறுத்துப்போவது இந்தக் காரணத்தால்தான். சாலை வண்டி அதைச் சமாளித்துக்கொண்டு ஓடும். சக்தியின் விளிம்பில் ஓடும் பந்தய வண்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. தன் வண்டி எந்த ஊர்க் காற்றில் ஓடும் என்பது ஆலைக்குத் தெரிய வாய்ப்பில்லை. யமஹா தன் ஒய்.இசட். வண்டிகளின் கையேட்டிலேயே கார்புரேட்டரைக் காலநிலைக்கேற்ப மாற்றும் முறையையும் மாற்று ஜெட்களின் பட்டியலையும் அச்சிட்டது. வேலையின் மிச்சம் ஓட்டுபவருடையது என்பதற்கு அதைவிட வெளிப்படையான ஒப்புதல் தேவையில்லை.

அவருக்குக் கிடைத்த ஒரே சாட்சி பிளக். டூ-ஸ்ட்ரோக் ஒவ்வொரு சுற்றிலும் தீப்பிடிப்பதால் பிளக்குக்கு ஓய்வில்லை. அதன் முனை ஏறத்தாழ 500 டிகிரிக்குக் கீழே இருந்தால் ஆயில் கரி எரியாமல் படிந்து பொறி நின்றுபோகும். 850-ஐத் தாண்டினால் பொறிக்கு முன்பே கலவை தீப்பிடிக்கும். இந்த இடைவெளிக்குள் நிறுத்தத்தான் வெப்ப எண்கள். என்.ஜி.கே. பிளக்கில் எண் ஏறினால் குளிர்ந்த பிளக், சாம்பியனில் எண் ஏறினால் சூடான பிளக். பிராண்டு மாற்றும்போது இதைக் கவனிக்காமல் பிஸ்டனை இழக்க வாய்ப்பிருந்தது. பலரும் செய்த இன்னொரு பிழை, குளிர்ந்த பிளக் போட்டு மெலிந்த கலவையைச் சரிசெய்யப் பார்ப்பது. வெப்ப எண் பிளக் முனையின் சூட்டைத்தான் மாற்றும். கலவை மெலிந்தபடியேதான் இருக்கும், கெடுதலைக் காட்டும் அடையாளம் மட்டும் மறைந்துவிடும்.

முழுத் திராட்டிலில் ஓட்டி, கிளட்சைப் பிடித்துக்கொண்டே எஞ்சினை அணைத்து, பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பது அந்தக் காலத்துப் பழக்கம். வெளிறியிருந்தால் கலவை மெலிவு, கறுத்திருந்தால் தடிப்பு, இளம்பழுப்பு என்றால் சரி. இது வெறும் நம்பிக்கை, அறிவியல் இல்லை என்ற ஆட்சேபம் இன்று வலுவாக ஒலிக்கிறது. பாதி நியாயம் அதற்கு உண்டு. அந்தப் பழுப்பு நிறத்தில் பெரும்பங்கு பெட்ரோலில் கலந்திருந்த ஈயச் சேர்மம் விட்டுச்சென்ற படிவு. அமெரிக்காவில் 1970-களிலிருந்து ஈயம் படிப்படியாகக் குறைக்கப்பட்டது, இந்தியாவில் 2000-இல் முற்றாக நின்றது. ஈயமில்லாப் பெட்ரோலில் சரியான கலவையில் ஓடிய பிளக்கும் வெள்ளையாகத் தெரியலாம். அதில் பழைய பழுப்பை எதிர்பார்த்து ஜெட்டைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் வண்டி புகை கக்கும். அதற்காக முறையையே தூக்கி எறிவது தவறு. பீங்கானின் அடியில், அது உலோகக் கூட்டுக்குள் இறங்கும் இடத்தில் படியும் கரி வளையம் கலவையின் தடிப்பையே காட்டுகிறது, அது ஈயத்தை நம்பி இல்லை. தேர்ந்தவர்கள் லென்ஸ் வைத்துத் தேடியது அந்த வளையத்தைத்தான். முனை நிறத்தோடு நின்றுவிட்டவர்களுக்கு ஒரு எரிபொருளின் காலம் முடிந்ததே தெரியாமல் போயிற்று.

இத்தனை பக்குவம் கேட்கும் எஞ்சின் நல்ல எஞ்சினா என்ற கேள்வி மீதமிருக்கிறது. தயாரிப்பாளர்கள் சும்மா இருக்கவில்லை. பாயின்ட் இல்லாத சி.டி.ஐ. இக்னிஷன் ஈரமான பிளக்கிலும் பொறி தந்தது. யமஹா 1972-இல் ரீட் வால்வைக் கொண்டுவந்து கீழ் வேகத்தில் கலவை திரும்பித் தெறிப்பதைத் தடுத்தது. 1981-இல் 125 சிசி மோட்டோகிராஸ் வண்டிகளுக்கு ரேடியேட்டர் வந்து சிலிண்டர் சூடு கட்டுக்குள் நின்றது. ஒவ்வொன்றும் தவறுக்கு இடம் கூட்டியது. ஆனால் கிடைத்த இடத்தைப் பொறியாளர்கள் உடனே கூடுதல் சக்திக்குச் செலவழித்தார்கள், பந்தயம் அதைத்தான் கேட்டது. அதனால் விளிம்பு நகர்ந்ததே ஒழிய மறையவில்லை. எளிதில் ஓட்டத்தக்க டூ-ஸ்ட்ரோக் வேண்டுமென்றால் செய்திருக்க முடியும். ஆனால் அது பந்தயத்தில் வென்றிருக்காது.

கே.டி.எம். 2018 மாடல் எண்டியூரோ டூ-ஸ்ட்ரோக்குகளில் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் கொண்டுவந்தபோது இந்தக் கைவேலை முடிந்துவிட்டது என்று பேசினார்கள். அந்த வண்டிகளைப் பொறுத்தவரை அது உண்மை. மலையேறினால் ஜெட் மாற்ற வேண்டியதில்லை. அதை இழப்பென்று புலம்ப எனக்கு மனமில்லை. ஆனால் அந்தக் கருவி அளப்பது என்ன என்று பார்க்க வேண்டும்: காற்றின் அழுத்தம், காற்றின் வெப்பம், எஞ்சின் சூடு, திராட்டிலின் திறப்பு. அரை நூற்றாண்டு காலம் ஓட்டுபவர் தோலாலும் காதாலும் பிளக்காலும் கணித்த அதே கணக்குதான் இது. யமஹாவின் ஒய்.இசட். 250 அதற்குப் பிறகும் கார்புரேட்டருடனேயே விற்பனைக்கு வந்தது, கையேட்டில் ஜெட் பட்டியலுடன்.