விரல் நுனியில் ஒளி



பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய நம் முன்னோரைச் சோகை நோய் பெரிதும் வாட்டியது. கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சியது. மலேரியா சிவப்பணுக்களைச் சிதைத்தது. கீழிமையை இழுத்து, உட்புறம் சிவந்திருக்கிறதா வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பதே அன்றைய எளிய சோதனை. ஆனால் கண்ணின் கணிப்பு ஆளுக்கு ஆள் மாறும் அல்லவா?

1800-இல் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானியலறிஞர் சூரிய ஒளியைக் கண்ணாடிப் பட்டகத்தால் நிறங்களாகப் பிரித்து, வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், ஒன்றுமே தெரியாத இடத்திலும் சூடு ஏறியது! அதுவே அகச்சிவப்புக் கதிர். பின்னர் 1864-இல் ஸ்டோக்ஸ் என்பவர், பிராணவாயு சேர்ந்த இரத்தமும் சேராத இரத்தமும் ஒளியை வெவ்வேறு விதமாக விழுங்குகின்றன என்று காட்டினார்.

இவ்விரண்டையும் கொண்டு புதிய வழி கண்டவர் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி. அவர் தொடங்கியது வேறொரு ஆராய்ச்சி. சாயம் செலுத்தி, இதயம் எவ்வளவு இரத்தத்தை வெளியேற்றுகிறது என்று ஒளியால் அளக்க முயன்றார். நாடித் துடிப்பு குறுக்கே வந்து கணக்கைக் கெடுத்தது. அந்த இடைஞ்சலை நீக்க முயன்றபோதுதான், துடிப்பதெல்லாம் தமனி இரத்தம், அதை மட்டும் பிரித்து அளக்கலாமே என்று கண்டார். ஆண்டு 1974. சிவப்பொளி, அகச்சிவப்பு ஆகிய இரண்டையும் விரலுக்குள் செலுத்தி, எது எவ்வளவு மறைகிறது என்று ஒப்பிட்டால் பிராணவாயுவின் அளவு கிடைக்கும். ஊசி வேண்டியதில்லை.

2020, 2021-ஆம் ஆண்டுகளின் கோவிட் காலத்தில் இந்த ஆக்சிமீட்டர் மருத்துவமனையை விட்டு வீடுகளுக்கும் வந்தது. அவோயாகி மறைந்ததும் அதே 2020-இல்தான்.

இங்கே நம்மவர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. தோலின் கருமையும் ஒளியை விழுங்கும். 2020 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோதே உண்மை அளவு 88-க்கும் கீழே இருந்தவர்கள், வெள்ளையரில் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவு. கறுப்பினத்தவரில் ஏறத்தாழ பன்னிரண்டு பேர். கருவி பிழையானதன்று. வெளிர்ந்த தோலை வைத்தே பெரும்பாலும் அதைச் சரிபார்த்திருந்தனர்.

ஆகவே, வீட்டுப் பாட்டிக்குக் கருவி 94 காட்டுகிறது, ஆனால் நான்கு சொல் சேர்ந்தாற்போல் பேச மூச்சு வாங்குகிறது என்றால், எண்ணைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள். ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே மணிக்கட்டுத் தமனியிலிருந்து சிறிது இரத்தம் எடுத்துச் சோதிப்பார்கள். அதையும் ஒளியைக் கொண்டே அளப்பதுண்டு. ஆனால் அங்கே குறுக்கே தோல் இராது.