குழுவோடு போவதா, தனியே போவதா? ஊர்காவற்றுறை தரும் பழைய விடை

கனடாவில் வாழும் நண்பரொருவர் பிள்ளைகளுடன் தீவகத்தைப் பார்க்க வருகிறார். வழிகாட்டியுடன் கூடிய சுற்றுலாக் குழுவில் சேர்வதா, தாமாகவே போவதா என்று கேட்டு எழுதியிருந்தார். இக்கேள்விக்கான விடையைச் சற்றுப் பின்னோக்கிச் சென்று தேடுவதே பொருத்தமாகும்.

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதைப் பதிப்பித்தார். பரதேசிகள் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்திறங்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்க வேண்டும் என்கிறது அவ்வாணை. யானை, குதிரை ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் காற்பங்கு திறைசேரிக்கு, முக்காற்பங்கு உடையவருக்கு. பிற சரக்கென்றால் இருவருக்கும் சரிபாதி. சிங்கள நாட்டு அரசன் அயலவருக்குத் தமிழில் தந்த உறுதிமொழி இது.

அக்காலத்து வணிகர் பெரும்பாலும் கூட்டமாகவே கடல் கடந்தனர். அறியாத துறையில் தனியொருவனுக்குக் காவல் இல்லை என்பதே காரணம். குழுப் பயணம் பிறந்தது அச்சத்திலிருந்து. தனிப் பயணம் இயலுவது, போகும் இடத்தின்மீது நம்பிக்கை இருக்கும்போது.

அந்த நம்பிக்கை இத்தீவுகளில் நம் காலத்திலேயே உடைந்தது. 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் இருபதுக்கும் மேற்பட்ட பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். 2002இல் போர்நிறுத்த உடன்படிக்கை வந்து ஏ9 பாதை திறந்தபின் தென்னிலங்கை யாத்திரிகர்கள் நாக விகாரைக்குத் திரளத் தொடங்கினர். 2006இல் பாதை மூடப்பட்டது. 2009இல் போர் முடிந்தபின் மறுபடியும் பஸ்கள் வந்தன. அவர்களும் பெரும்பாலும் ‘நடே குரா’ எனப்படும் தலைவரின் கீழ்க் குழுவாகவே வந்தனர்.

நான் இரு வகையிலும் போயிருக்கிறேன். 2003இல் ஒரு குழுவோடு நயினாதீவு சென்றேன். குறிகட்டுவானில் படகேறி, அம்மனைத் தரிசித்து, அன்னதானம் உண்டு, இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிட்டோம். கல்வெட்டு எங்கே என்று வழிகாட்டியிடம் கேட்டேன். அவர் அதைக் கேள்விப்பட்டதில்லை. தேடிப் பார்க்க நேரமும் இருக்கவில்லை. எங்கள் குழு விகாரைக்குப் போகவில்லை. விகாரைக்கு வந்திருந்த குழுவொன்று கோயிலுக்கு வரவில்லை. நடந்து போகும் தூரத்தில் இரண்டும் இருக்க, இரு கூட்டத்தாரும் தத்தம் வரலாற்றை மட்டும் கேட்டுத் திரும்பினோம். அரசன் ஏன் தமிழில் எழுதினான் என்ற கேள்வி இரு தரப்பிலும் எழவில்லை.

2012இல் தனியே நெடுந்தீவு சென்றேன். சோளகக் காற்றின் காலம். முருகைக்கல் வேலிகளையும் பழைய கோட்டையின் இடிபாடுகளையும் பெருக்குமரத்தையும் கட்டாக்காலிக் குதிரைகளையும் ஆறுதலாகப் பார்த்துவிட்டு மாவிலித்துறைக்கு வந்தபோது, கடல் கொந்தளிப்பால் மாலைப் படகு ஓடாதென்றார்கள். துறையருகே வசித்த முதியவர் ஒருவர், “தம்பி, நில்லுங்கோ, விடியப் போகலாம்” என்று வீட்டுக்கு அழைத்துச் சென்றார். ஒடியற்கூழ் தந்தார். குமுதினியில் தம் உறவினர் ஒருவரை இழந்ததை அன்றிரவு சொன்னார். எந்தச் சுற்றுலா நிரலிலும் அந்த இரவு இருந்திருக்காது. மறுநாள் யாழ்ப்பாணத்தில் இருந்த முக்கியமான சந்திப்பொன்றை நான் இழந்ததும் உண்மை. காற்பங்கு நட்டம், முக்காற்பங்கு ஆதாயம் என்று அக்கல்வெட்டின் கணக்கிலேயே அதை எழுதிக்கொண்டேன்.

ஆகவே நண்பருக்கு எழுதினேன்: முதியோரும் கைக்குழந்தையும் உடன் வந்தால் நயினாதீவுக்குக் குழுவோடு போங்கள், தவறில்லை. ஆனால் கோயில், விகாரை இரண்டுக்கும் நேரம் ஒதுக்குமாறு முன்கூட்டியே கேளுங்கள். நெடுந்தீவுக்குத் தனியே போங்கள். மே முதல் செப்டெம்பர் வரையான சோளகத்தைத் தவிர்த்து, திரும்பும் கடைசிப் படகை இறங்கியவுடனே விசாரித்து, ஒருநாளைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் தடுமாறினால் உள்ளூர்க்காரர் ஒருவரையே வழிகாட்டியாக அமர்த்துங்கள். கூலியும் தீவிலேயே தங்கும்.

பரதேசிகளைக் காக்க வேண்டும் என்று அரசன் கல்லில் எழுதினான். அந்த முதியவருக்கு அதை யாரும் எழுதிக் காட்ட வேண்டியிருக்கவில்லை.