ஷேவர்ஸ், எர்னி

எர்னி ஷேவர்ஸ் (31 ஆகஸ்ட் 1944 – 1 செப்டம்பர் 2022) அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர். ஹெவிவெயிட் உலகப் பட்டத்துக்கு இருமுறை மோதி, இருமுறையும் தோற்றவர். பட்டம் வெல்லாத ஹெவிவெயிட் வீரர்களில் இவர் அளவுக்கு இன்றும் பேசப்படுபவர்கள் மிகச் சிலரே. அதற்குக் காரணம் இவருடைய வலக்கை. பரவலாக ஏற்கப்பட்ட கணக்கின்படி 74 வெற்றி, 14 தோல்வி, ஒரு சமநிலை. வெற்றிகளில் 68 நாக்-அவுட்.

அலபாமா மாநிலத்தில் கார்லண்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். சிறு வயதிலேயே குடும்பம் ஓஹையோ மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. பள்ளி நாட்களில் குத்துச்சண்டையை அறியாதவர். இருபது வயது கடந்த பிறகே யங்ஸ்டவுன் நகரப் பயிற்சிக்கூடத்தில் முதன்முதலாகக் கையுறை மாட்டினார். இந்தத் தாமதத்தை இவருடைய வரலாற்றை எழுதுவோர் போதிய அளவு கவனிப்பதில்லை. முகமது அலி 18 வயதிலும் ஜார்ஜ் ஃபோர்மன் 19 வயதிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றுவிட்டவர்கள். ஷேவர்ஸ் அமெச்சூர் தேசியப் பட்டம் வென்று தொழில்முறைக்கு வந்த 1969-இல் அவருக்கு 25 வயது. காலை எப்படி நகர்த்துவது, களைத்த நேரத்தில் மூச்சை எப்படிக் காப்பது என்பவையெல்லாம் சிறு வயதிலேயே உடம்பில் ஊறவேண்டிய பாடங்கள். அவை கடைசிவரை இவருக்கு முழுமையாகக் கைவரவில்லை.

தொடக்கத்தில் இவருடைய மேலாளராக இருந்தவர் டீன் சான்ஸ். 1964-இல் சை யங் விருது பெற்ற பேஸ்பால் பந்துவீச்சாளர். சிறையிலிருந்து வெளிவந்து குத்துச்சண்டை வணிகத்தில் கால்பதித்த டான் கிங்குக்கும் ஷேவர்ஸ்தான் முதல் வீரர்களில் ஒருவர். முன்னாள் லைட் ஹெவிவெயிட் சாம்பியன் ஆர்ச்சி மூர் சில காலம் பயிற்சி அளித்தார். இவ்வளவு பேர் சூழ்ந்திருந்தும் முதல் சில ஆண்டுகளில் இவருக்குக் கிடைத்த எதிராளிகளில் பெரும்பாலோர் பெயர் சொல்லும்படியானவர்கள் அல்லர். 68 நாக்-அவுட் என்ற எண்ணைப் பார்த்து மலைப்பவர்கள் இதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

உண்மையான உரைகல் 1973. அந்த ஆண்டு ஜூன் மாதம் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் முன்னாள் சாம்பியன் ஜிம்மி எல்லிஸை முதல் சுற்றிலேயே வீழ்த்தினார். (1980-இல் அலியுடன் சென்னைக்கு வந்து காட்சிப் போட்டியில் இறங்கியவர் இதே எல்லிஸ்தான்.) டிசம்பரில் அதே அரங்கில் ஜெரி குவாரி முதல் சுற்றிலேயே இவரை முடித்துவிட்டார். 1975-இல் டென்வரில் ரான் லைலை இரண்டாம் சுற்றில் தரையில் சாய்த்தும், ஆறாம் சுற்றில் தாமே வீழ்ந்தார். ஷேவர்ஸின் வாழ்க்கை முழுவதும் ஏறத்தாழ இதே கதைதான்: முதல் சில சுற்றுகளில் எவரையும் சாய்க்கலாம், அதற்குமேல் நீண்டால் ஆபத்து இவருக்கே.

குத்தும் வீரர்களை வல்லுநர்கள் பல வகையாகப் பிரிப்பதுண்டு. ஜோ ஃபிரேசியர்போல் அடிமேல் அடி அடித்து எதிராளியைக் கரைப்பவர்கள் ஒரு வகை. ஃபோர்மன்போல் முரட்டு பலத்தால் நெட்டித் தள்ளிச் சிதைப்பவர்கள் மற்றொரு வகை. ஜோ லூயிஸ்போல் குறுகிய தூரத்தில் கச்சிதமாக, அடுத்தடுத்துக் குத்துபவர்கள் மூன்றாம் வகை. ஷேவர்ஸ் இவற்றில் எதிலும் அடங்காத ஒற்றைக்குத்து வீரர். தோளுக்கு மேலிருந்து வளைந்து இறங்கும் வலக்கைக் குத்து ஒன்று போதும்; அதற்கு முன்னேற்பாடு தேவையில்லை. ‘தி ரிங்’ இதழ் 2003-இல் வெளியிட்ட, எல்லா எடைப் பிரிவுகளையும் சேர்த்த நூறு சிறந்த குத்து வீரர்கள் பட்டியலில் லூயிஸுக்கு முதலிடம், ஆர்ச்சி மூருக்கு நான்காமிடம், ஃபோர்மனுக்கு ஒன்பதாமிடம், ஷேவர்ஸுக்குப் பத்தாமிடம். ஒரு குத்தின் கனத்தை மட்டும் அளந்தால் ஷேவர்ஸை ஃபோர்மனுக்கு மேலே வைப்பதே முறை. இவர்கள் இருவரும் ஒருமுறையும் மோதிக்கொள்ளவில்லை.

29 செப்டம்பர் 1977 அன்று கார்டனில் அலியுடன் நடந்த பட்டப் போட்டியே இவருடைய பெயரை நிலைநிறுத்தியது. இவருடைய மழித்த தலையைப் பார்த்து ‘ஓக் கொட்டை’ என்று கிண்டல் செய்திருந்த அலியை, இரண்டாம் சுற்றில் இவருடைய வலக்கை நிலைகுலையச் செய்தது. அலி வேண்டுமென்றே தள்ளாடுவதுபோல் கோமாளித்தனம் காட்ட, அது நடிப்போ பொறியோ என்று ஐயுற்று ஷேவர்ஸ் பாய்ந்து முடிக்காமல் தயங்கினார். உலகப் பட்டம் கைநழுவியது அந்தச் சில நொடிகளில்தான். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் நடுவர்களின் புள்ளிகளைத் தொலைக்காட்சி காட்டியதால், அலியின் பயிற்சியாளர் ஏஞ்சலோ டன்டி தம் வீரர் முன்னணியில் இருப்பதைத் தெரிந்துகொண்டே ஆட்டத்தை நடத்தினார். 13, 14-ஆம் சுற்றுகளில் ஷேவர்ஸ் மீண்டும் உலுக்கியெடுத்தார். 15-ஆம் சுற்றில் அலி எங்கிருந்தோ வலுப்பெற்றுத் திருப்பி அடித்தார். மூன்று புள்ளி அட்டைகளும் அலிக்கே. அவற்றில் ஒன்றை எழுதிய ஈவா ஷெய்ன், ஹெவிவெயிட் பட்டப் போட்டியில் தீர்ப்பளித்த முதல் பெண். தீர்ப்பு சரியானதே. ஆனால் அதற்கு அலி கொடுத்த விலை பெரிது. இந்தப் போட்டிக்குப் பின் அலியின் மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ விலகினார். இனி அலியின் போட்டிகளைக் கார்டன் நடத்தாது என்று அதன் போட்டி அமைப்பாளர் டெடி பிரென்னர் அறிவித்தார்.

லாரி ஹோம்ஸிடம் 1978 மார்ச்சில் 12 சுற்றுகளில் படுதோல்வி. மறு ஆண்டு மார்ச்சில் கென் நார்டனை 1 நிமிடம் 58 நொடியில் வீழ்த்தி மீண்டும் பட்டப் போட்டிக்கு உரிமை பெற்றார். 28 செப்டம்பர் 1979 அன்று லாஸ் வேகாஸில் நடந்த அப்போட்டியின் ஏழாம் சுற்றில், அதற்குள் சாம்பியனாகியிருந்த ஹோம்ஸை மல்லாத்தினார். அப்படியொரு குத்து வாங்கி எழுந்தவர் அரிது. ஹோம்ஸ் எழுந்தார், 11-ஆம் சுற்றில் வென்றார். பிற்காலத்தில் மைக் டைசனோடும் மோதிய ஹோம்ஸ், தாம் வாங்கியவற்றில் கடுமையான குத்து ஷேவர்ஸுடையதே என்று பலமுறை கூறியிருக்கிறார். ஆக, ஷேவர்ஸின் புகழுக்கு முதன்மைச் சான்றாளர்கள் அவரைத் தோற்கடித்தவர்களே. விழுந்தவர்களுக்குச் சொல்ல ஒன்றும் நினைவில் இல்லை போலும்.

அதற்குப் பின் இறங்குமுகம். விழித்திரைப் பாதிப்பும் சேர்ந்துகொண்டது. ‘ராக்கி III’ (1982) படத்தின் எதிர்நாயகன் வேடத்துக்காக சில்வெஸ்டர் ஸ்டலோனோடு பயிற்சிச் சண்டையிட்டும், கை கனத்தாலேயே அந்த வாய்ப்பை இழந்தார். 1995-இல் ஐம்பது வயது கடந்து மேடையேறிய முயற்சி வீண். பின்னர் கிறித்தவப் போதகராகவும், இங்கிலாந்தின் லிவர்பூலில் மதுக்கூட வாயில்காவலராகவும் இருந்தார். 78-ஆம் பிறந்தநாளுக்கு மறுநாள் காலமானார்.