கும்பினியும் கம்பெனியும்: தன் தொழிலைச் சொல்லும் மொழி

1

‘நீங்க என்ன பண்றீங்க?’ என்ற கேள்விக்கு நம்மிடம் தமிழில் ஒரு விடையும் ஆங்கிலத்தில் வேறொரு விடையும் இருக்கின்றன. நாகல் நகர் டீக்கடையில் ‘மில்லுல சூப்பர்வைசரா இருக்கேண்ணே’ என்பவர், கோவையில் நடக்கும் ஜவுளிக் கண்காட்சியில் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு ‘ஐ ஆம் இன் டெக்ஸ்டைல்ஸ்’ என்கிறார். இதை மொழிபெயர்ப்பு என்று சொல்லிவிட முடியாது. முதல் விடையில் ஓர் உடம்பு இருக்கிறது, ஷிப்டு இருக்கிறது, முதலாளியின் நிழல் இருக்கிறது. இரண்டாவதில் உடம்பு காணாமல் போய் ஒரு துறை மட்டும் மிஞ்சுகிறது.

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகள் இந்த இடைவெளியை இலக்கணப் பிரச்சினையாகவோ கூச்சப் பிரச்சினையாகவோ பார்க்கின்றன. ‘நம்ம பசங்களுக்கு விஷயம் தெரியும், இங்கிலீஷ்ல எடுத்துச் சொல்லத்தான் வராது’ என்ற புலம்பல் ஊர் முழுக்கக் கேட்கிறது. இந்த ஒரு வாக்கியத்துக்குள் ஒரு முழு வரலாற்றுக் கதையாடல் ஒளிந்திருக்கிறது. விஷயம் தெரிந்தவன் ஒருவன், சொல்லத் தெரிந்தவன் இன்னொருவன், இரண்டாமவனுக்கே பலன் என்ற ஏற்பாடு இயற்கையானது போல அதில் ஒப்புக்கொள்ளப்படுகிறது. இந்த ஏற்பாடு எப்போது, யாரால் உண்டாயிற்று?

2

தொழில் செய்பவர்கள் தங்கள் தொழிலை அதிகாரத்தின் மொழியில் சொல்லிக்கொள்வது ஆங்கிலேயனோடு வந்த பழக்கமில்லை. மத்தியப் பிரதேசத்து மந்தசோரில் ஒரு கல்வெட்டு உண்டு. லாட தேசத்திலிருந்து, அதாவது இன்றைய தென் குஜராத்துப் பகுதியிலிருந்து, தசபுரம் என்ற அந்த ஊருக்குக் குடிபெயர்ந்த பட்டு நெசவாளர் குழு ஒன்று சூரியனுக்குக் கோயில் எடுத்தது. கி.பி. 436-37இல் கட்டி, 472-73இல் பழுது பார்த்தார்கள். அதைப் பதிவு செய்ய வத்ஸபட்டி என்ற புலவரைக் கொண்டு சமஸ்கிருதத்தில் பாட வைத்தார்கள். தங்களில் சிலர் தறியை விட்டு வில்லுக்கும் சோதிடத்துக்கும் போனதையும், மற்றவர்கள் தறியிலேயே நின்றதையும், தங்கள் பட்டின் உசத்தியையும் அதில் சொல்லிக்கொண்டார்கள். நாங்கள் யார், எங்கிருந்து வந்தோம், எங்கள் சரக்கு ஏன் நல்ல சரக்கு என்ற இன்றைய வியாபார அறிமுகத்தின் மூன்று அங்கங்களும் அங்கேயே இருக்கின்றன.

நாகல் நகரில் வாழும் சௌராஷ்டிரர்களின் மூதாதையர் இவர்கள்தான் என்று சொல்பவர்கள் உண்டு. நடுவில் கிடக்கும் ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டுவதற்குச் சான்று இல்லை. நம் வாதத்துக்கு அந்த உறவு தேவையும் இல்லை. கவனிக்க வேண்டியது ஒன்றுதான். மந்தசோர் நெசவாளர்கள் ஒரு வாயை வாடகைக்கு எடுத்தார்கள், ஆனால் அந்த வாய்க்குக் கூலி கொடுத்தவர்கள் அவர்களே. புலவன் அவர்களுக்காகப் பேசினான். அவர்களை மறைத்துக்கொண்டு பேசவில்லை. நெய்பவர்கள் என்பதைச் சொல்ல அவர்களுக்குக் கூச்சமும் இருக்கவில்லை.

இன்னொரு சான்று. சுமத்ராவின் பாருஸில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு கடல் கடந்த துறைமுகத்தில் தமிழிலேயே தன் விவகாரத்தை எழுதி வைத்தது. இலங்கையின் காலியில் 1911இல் கண்டெடுக்கப்பட்ட கல்லோ இன்னும் சுவாரசியமானது. சீனக் கடற்படைத் தலைவன் செங் ஹே நிறுத்திய அந்தக் கல்லில் 1409ஆம் ஆண்டு தேதியிட்டுச் சீனம், பாரசீகம், தமிழ் என மூன்று மொழிகள் வெட்டப்பட்டிருக்கின்றன. இந்தியப் பெருங்கடலில் யாரோடு பேச வேண்டியிருந்தது என்பதை அந்தக் கல் சொல்கிறது. சரக்கு வேண்டியவன் சரக்கு உள்ளவனின் மொழியைத் தேடி வருகிறான். ஒரு மொழி ‘வியாபார மொழி’ ஆவதற்கு அதன் இலக்கணமோ எளிமையோ காரணமில்லை. யார் யாரைத் தேடிப் போகிறார்கள் என்பதே காரணம்.

3

கும்பினியும் முதலில் சரக்கு தேடித்தான் வந்தது. கதைப்பாடல்களில் கும்பினி என்று வழங்கிய அந்தச் சொல்தான் பிறகு கம்பெனியாகி நாடகக் கம்பெனி, பீடிக் கம்பெனி, பனியன் கம்பெனி என்று நம் நாக்கில் புழங்கியது. கும்பினிக்குத் துணி வேண்டியிருந்தது. துணி உள்ளவனின் மொழி அதற்குத் தெரியாது. நடுவில் தலைமை வணிகர்களும் துபாஷிகளும் வந்தார்கள். 1680இல் இறக்கும் வரை சென்னையில் காசி வீரண்ணா அப்படிப்பட்ட தலைமை வணிகராக இருந்தார். துபாஷி என்றால் இரு மொழிக்காரன். நெசவாளிக்கும் கோட்டைக்கும் இடையில் அவன் திறந்தால் கதவு, மூடினால் சுவர்.

‘அப்போதிருந்தே நெசவாளிக்கு வாய் இல்லாமல் போச்சு, ஆங்கிலம் தெரியாத பாவத்துக்குத்தான்’ என்று முடிவு கட்டிவிடலாம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. தென்னிந்திய நெசவாளர்களைப் பற்றிப் பிரசன்னன் பார்த்தசாரதி 2001இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் வணிகரிடம் முன்பணம் வாங்கிய நெசவாளி, விலை கட்டுப்படியாகாவிட்டால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். முன்பணம் கொடுத்த வணிகருக்கு அந்த உரிமை கிடையாது. பிடிக்கவில்லையென்றால் தறியைத் தூக்கிக்கொண்டு வேறு பாளையத்துக்குப் போகவும் வழி இருந்தது. ஆங்கிலத்தில் ஒரு எழுத்தும் தெரியாமல் அவன் பேரம் பேசினான், ஜெயித்தான்.

இந்த பலம் எப்போது போயிற்று? கும்பினி வியாபாரியாக இருந்ததோடு ஆட்சியாளனாகவும் ஆனபோது. இடைத்தரகர்களைத் தள்ளிவிட்டுத் தன் குமாஸ்தாக்களை நெசவு ஊர்களில் உட்கார வைத்தது. முன்பண ஒப்பந்தத்தை முறிப்பது தண்டனைக்குரிய காரியமாயிற்று. திண்டுக்கல் சீமை 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்புவிடமிருந்து கும்பினியின் கைக்கு வந்ததும் இதே காலகட்டத்தில்தான். நெசவாளியின் மௌனத்துக்கு வயது அந்தப் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து தொடங்குகிறது. மொழி தெரியாமை அவனிடம் முன்பும் இருந்தது. புதிதாக வந்தது மொழியின் பின்னால் நின்ற தடி.

துபாஷியின் கதையிலும் ஒரு முரண் இருக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு தமிழில்தான் எழுதப்பட்டது. கம்பெனியில் நடந்ததை, கவர்னரிடம் தான் பேசியதை, வந்த கப்பலை, போன சரக்கை ஒரு வேலைக்காரர் தன் மொழியில் சொல்ல முடிந்ததற்கு அதுவே பெரிய சாட்சி. ஆனால் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904இல் வெளிவரத் தொடங்கி 12 தொகுதிகளாக 1928இல் முடிந்துவிட்டது. தமிழ் மூலம் தொகுதி தொகுதியாக அச்சேறியது 1948க்குப் பிறகு. நம் மொழியில் எழுதப்பட்டதையே நாம் முதலில் ஆங்கிலம் வழியாக அறிய வேண்டியிருந்தது.

4

திண்டுக்கல்லுக்கென்று ஒரு தனிக் கதை இருக்கிறது, அது சுருட்டுக் கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ‘திருச்சினாப்பள்ளி’ என்றாலே சுருட்டு என்று அர்த்தம். 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில் துப்பறிபவர் கொலைகாரனின் சுருட்டுச் சாம்பலைப் பார்த்து அது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று சொல்லிவிடுகிறார். அந்தச் சுருட்டுகளுக்குத் திண்டுக்கல் சீமையின் புகையிலை போனது. சாம்பலுக்குக்கூட ஊர்ப் பெயர் உண்டு, ஆனால் அது பக்கத்து ஊரின் பெயர்.

பிறகு திண்டுக்கல்லுக்கும் பெயர் கிடைத்தது, எப்படிக் கிடைத்தது என்பதுதான் விஷயம். லண்டன் ஸ்ட்ராண்ட் தெருவில் ப்யூலே என்ற கடை ‘ஃப்ளோர் டி திண்டுக்கல்’ என்று ஒரு சுருட்டை விற்றது, பத்திரிகைகளில் விளம்பரமும் செய்தது. ஃப்ளோர் என்பது பூவுக்கான ஸ்பானியச் சொல். க்யூபா நாட்டுச் சுருட்டின் மவுசு வேண்டி நம் ஊர்ப் புகையிலைக்கு ஸ்பானியத் தொப்பி மாட்டினார்கள். மதராஸின் ஸ்பென்சர் கம்பெனியும் திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை வைத்திருந்தது. பெட்டியின் மேல் ஆங்கிலமும் ஸ்பானியமும் பேசின. இலையைச் சுருட்டிய விரல் எந்த மொழியிலும் பேசவில்லை. கம்பெனியைப் பற்றிப் பேசும் மொழி வேலையைப் பற்றிப் பேசாமலிருக்கப் பழகியது இங்கேதான்.

5

இதுவரை சொன்னதை வைத்து ‘ஆகவே ஆங்கிலத்தை விட்டொழிப்போம், தமிழிலேயே தொழிலைச் சொல்வோம்’ என்று யாராவது கிளம்பினால், அவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். தமிழில் அந்த உரையாடல் எப்படிப் போகும்? ‘என்ன வேலை தம்பி?’ என்று ஆரம்பித்து, ‘எந்த ஊரு? எந்தத் தெரு? யாரு மகன்?’ என்று இறங்கி, சாதியில் போய் நிற்கும். நம் மொழியில் தொழிலை விசாரிப்பது பெரும்பாலும் சாதியை விசாரிப்பதுதான்.

திண்டுக்கல்லின் தோல் பதனிடும் ஆலைகளை ஜனங்கள் தோல் ஷாப் என்பார்கள். அங்கே சுண்ணாம்புக் குழியில் நின்ற தலித் தொழிலாளர்களின் வாழ்க்கையையும் அவர்கள் சங்கம் கட்டியதையும் டி. செல்வராஜ் ‘தோல்’ நாவலாக எழுதினார். 2010இல் வெளிவந்து 2012இல் சாகித்ய அகாதமி விருது பெற்றது. அந்தக் குழியிலிருந்து வந்தவரின் பேரன் சென்னையில் ஒரு கூட்டத்தில் ‘மை ஃபேமிலி இஸ் இன் லெதர்’ என்று சொல்லி நகர்ந்துவிட முடிகிறது. அதே வாக்கியத்தைத் தோல் கம்பெனி முதலாளியின் பேரனும் சொல்கிறான். ஒருவனுக்கு அது தப்பிக்கும் வாசல், மற்றவனுக்குப் பெருமை. ஆங்கிலம் இருவரையும் ஒன்றாகக் காட்டுவது பொய்தான். அந்தப் பொய்க்குள் ஒருவனுக்கு மூச்சு விட இடம் கிடைக்கிறது என்பதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

சௌராஷ்டிரர் வரலாறு இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. காலனிய ஆவணங்கள் அவர்களைப் பட்டுநூல்காரர் என்று தொழிற்பெயரால் பதிந்தன. 1901 குடிக்கணக்கு சாதிகளை மேல் கீழாக வரிசைப்படுத்தியபோது, தாங்கள் பிராமணர் என்ற வாதத்தை அவர்களில் படித்தவர்கள் அரசாங்கத்தின் முன் வைத்தார்கள். ராணி மங்கம்மாள் 1705இல் தந்ததாகச் சொல்லப்படும் ஆணையும் சான்றாகக் காட்டப்பட்டது. மந்தசோரில் தறியைச் சொல்லித்தான் மரியாதை தேடினார்கள். இங்கே தறியைத் தாண்டிப் போய் மரியாதை தேட வேண்டியிருந்தது. வீட்டில் சௌராஷ்டிரம், கடைவீதியில் தமிழ், மனுவில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளில் வாழ்ந்த சமூகம், தன் கைவேலையை எந்த மொழியில் முழுசாகச் சொன்னது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது.

6

சமீப காலத்துச் சம்பவம் ஒன்று இந்த வரலாற்றின் திசையைக் கொஞ்சம் மாற்றுகிறது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்து ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். சூப்பர்வைசர் ஒருவர் கைதானார். அதன் பின் பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் ஆலைப் பெண்களின் வாக்குமூலங்களைத் திரட்டியது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்புகள் இரண்டு கைகோத்தன. 2022இல் ஆலையின் உரிமையாளரான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸோடும், எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய துணி நிறுவனங்களோடும் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. பாலியல் வன்முறையைத் தடுக்க ஆலைக்குள்ளேயே தொழிலாளர்கள் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெறுவதற்கு அதில் இடம் இருந்தது. உலகம் அதைத் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ என்று அழைக்கிறது.

சுருட்டுப் பெட்டியின் மேல் இருந்த அதே ஊர்ப் பெயர் இப்போது ஓர் ஒப்பந்தத்தின் மேல் இருக்கிறது. அது எழுதப்பட்ட மொழி ஆங்கிலம்தான். அதற்குள் இருப்பது தமிழில் சொல்லப்பட்ட பேச்சு. ‘எங்க கம்பெனியில இதுதான் நடக்குது’ என்று பெண்கள் சொன்னது. மந்தசோர் நெசவாளர்களைப் போல இவர்களும் அதிகார மொழியில் பேசத் தெரிந்த வாயைத் தங்களுக்காகப் பேச வைத்தார்கள். பேச்சின் பொருளைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள்.

நாகல் நகரத்துப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் தங்கள் கம்பெனியையும் வேலையையும் சொல்லக் கற்றுக்கொள்ளட்டும். கற்றுத்தான் ஆக வேண்டும். கற்பிப்பவர்கள் ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லட்டும். உங்கள் தாத்தா ஆங்கிலம் இல்லாமல் தோற்றவர் இல்லை. ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமையைப் பறிகொடுத்துத் தோற்றவர். அந்த உரிமை இல்லாதவன் எத்தனை மொழி கற்றாலும் துபாஷியாகத்தான் இருப்பான்.