குப்புறத் துயின்ற குழவிகள்

பிள்ளை இரவில் அயர்ந்து துயில வேண்டும் என்னும் விருப்பம் எந்நாட்டுத் தாய்க்கும் பொதுவானது. அவ்விருப்பத்திற்கு இசைவாக வந்த அறிவுரை ஒன்று, இருபதாம் நூற்றாண்டின் மேலை நாடுகளில் பல்லாயிரம் குழவிகளின் உயிருக்கு உலை வைத்தது.

அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக் 1946இல் வெளியிட்ட குழந்தை வளர்ப்பு நூல் பெரும்புகழ் பெற்றது. 1950களின் பிற்பகுதியில் வந்த பதிப்பில் அவர், குழவியைக் குப்புறக் கிடத்துவதே நன்று என எழுதினார். மல்லாந்து கிடக்கும் பிள்ளை வாந்தியெடுத்தால் மூச்சடைக்கும் என்றும், தலை ஒருபுறம் தட்டையாகிவிடும் என்றும் அவர் கருதினார். குறைமாதப் பிள்ளைகள் குப்புறக் கிடக்கையில் எளிதாக மூச்சுவிடுவதை மருத்துவமனைகளிலும் கண்டனர். இடையறாத கண்காணிப்பு நிறைந்த அவ்விடத்து வழக்கம் இல்லங்களுக்கும் பரவியது. அவ்வாறு கிடந்த பிள்ளைகள் நெடுநேரம் உறங்கவும் செய்தன. தாய்மார்க்கு வேறென்ன வேண்டும்?

எச்சரிக்கை முன்னரே எழுந்திருந்தது. உறக்கத்தில் மூச்சடைத்து இறந்ததாகப் பதிவான குழவிகளுள் பெரும்பாலானவை குப்புறக் கிடந்தன என்பதை 1944இலேயே நியூயார்க்கில் ஹெரால்ட் ஆப்ராம்சன் காட்டினார். போர்வையால் மூச்சடைத்துவிடாது எனப் பிறர் மறுக்கவே, அவர் குரல் எடுபடவில்லை. 1970களில் நெதர்லாந்தில் குப்புறக் கிடத்தும் வழக்கம் பரவியபோது, ‘தொட்டில் மரணம்’ எனப்பட்ட காரணமறியாத் திடீர் இறப்புகளும் உடன் பெருகின.

உண்மையை நோக்கித் திருப்பிய சான்றுகளுள் ஒன்று ஆசியாவிலிருந்து வந்தது. ஹாங்காங்கில் இத்தகைய இறப்பு மிக அரிது என்பதை 1985இல் டி. பி. டேவிஸ் என்னும் மருத்துவர் ‘லான்செட்’ இதழில் சுட்டினார். அங்குச் சீனத் தாய்மார், தம் முன்னோர் வழக்கப்படி, பிள்ளையை மல்லாத்தியே உறங்கவைத்தனர். நூலறிவு பெறாத பாட்டியின் கை, நூல் எழுதியோர் கையினும் நம்பத்தக்கதாக இருந்தது.

நெதர்லாந்து 1987இல் விழித்தது. நியூசிலாந்தும் பிரிட்டனும் 1991இல், அமெரிக்கா 1994இல், மல்லாத்திக் கிடத்துமாறு நாடு தழுவிய பிரசாரம் தொடங்கின. சில ஆண்டுகளுக்குள் அந்நாடுகளில் திடீர் இறப்புகள் பெருமளவு குறைந்தன. 1970ஆம் ஆண்டளவில் கிடைத்திருந்த சான்றுகளை அப்போதே ஒருங்கு திரட்டி ஆராய்ந்திருந்தால், பிரிட்டனில் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட குழவிகளையும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவற்றில் குறைந்தது 50,000 குழவிகளையும் காத்திருக்கலாம் என 2005இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது.

குப்புறத் துயிலும் குழவிக்கு உறக்கம் ஆழமாகும். மூச்சு முட்டும்போது விழித்தெழும் திறனோ குறையும். அன்று தாய்மார் போற்றிய நெடுந்துயிலின் மறுபக்கம் இதுவே. தலை தட்டையாவது பற்றி ஸ்பாக் கொண்ட கவலை மட்டும் முற்றிலும் பொய்யன்று. மல்லாத்திக் கிடத்தத் தொடங்கியபின் அக்குறை மிகுதியாகக் காணப்பட்டது. ஆதலால், ஓராண்டு நிறையும்வரை தலையணையற்ற உறுதியான படுக்கையில் மல்லாத்தியே உறங்கவைக்கச் சொல்லும் மருத்துவர்கள், பகலில் பிள்ளை விழித்திருக்கும் வேளையில், பெரியவர் கண்பார்வையில், சிறிது நேரம் குப்புறக் கிடத்தி விளையாடவிடவும் சொல்கின்றனர்.