அந்தமானில் கயாக் பயணம்: லீவு போடும் முன் அமாவாசை எப்போது என்று பாருங்கள்

பொங்கல் முடிந்த கையோடு அலுவலக வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வீடியோ சுற்ற ஆரம்பிக்கும். கும்மிருட்டு. துடுப்பு தண்ணீரில் படும் இடமெல்லாம் நீலமாக மினுங்குகிறது. கீழே யாராவது ஒருவர் எழுதியிருப்பார்: "அந்தமான் போலாமா?"

போகலாம். சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான விமானப் பயணம்தான். ஆனால் நம்மில் பலர் முதலில் லீவு வாங்குகிறோம், பிறகு டிக்கெட் போடுகிறோம், கடைசியில்தான் கடலைப் பற்றி யோசிக்கிறோம். கயாக் பயணத்துக்கு இந்த வரிசை தலைகீழ்.

கயாக் என்றால் என்ன, எவ்வளவு வேகம் போகும்?

ஆர்க்டிக் கரையோரத்தில் வாழும் இனுயிட் மக்கள் வேட்டைக்காக உருவாக்கிய ஒடுக்கமான படகு இது. ஒருவரோ இருவரோ உட்கார்ந்து, இரு முனையிலும் மட்டை உள்ள ஒரே துடுப்பை மாற்றி மாற்றிப் போட வேண்டும். புதிதாக வருபவர் மணிக்கு 4, 5 கிலோமீட்டர் போவார். அதாவது வேகமாக நடக்கும் வேகம். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எதிரே வரும் நீரோட்டமும் அதே வேகத்தில் இருந்தால், எவ்வளவு துடுப்பு போட்டாலும் நீங்கள் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள்.

நீரோட்டம் எங்கிருந்து வருகிறது?

அந்தமான் நிகோபாரில் 836 தீவுகளும் பாறைத்திட்டுகளும் உள்ளன. மக்கள் வசிப்பது 31 தீவுகளில் மட்டும். 2021 வன நிலை அறிக்கைப்படி இங்கே 616 சதுர கிலோமீட்டர் அலையாத்திக் காடு உண்டு. கயாக் பயணங்கள் பெரும்பாலும் இந்தக் காட்டுக்குள் புகும் உப்பங்கழிகளில்தான். ஹேவ்லாக் என்று நாம் பழகிய, 2018 டிசம்பர் முதல் ஸ்வராஜ் தீப் எனப்படும் தீவு இதற்குப் பிரபலம். மாயாபந்தர் பக்கம் போனால் கூட்டம் குறைவு, காடு அதிகம்.

இந்தக் கழிகளில் தண்ணீர் ஏறுவதும் வற்றுவதும் கடலின் ஓதத்தால். ஒரு உயர் ஓதத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சுமார் 2 மீட்டர் வித்தியாசம் வரும். காலையில் சுரபுன்னை வேர்களுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு போன அதே வாய்க்கால், சில மணி நேரத்தில் முழங்கால் புதையும் சேறு. ஏறும் தண்ணீரோடு உள்ளே போய், இறங்கத் தொடங்கும் தண்ணீரோடு வெளியே வருவதுதான் இங்கே திட்டமிடல் என்பதன் முக்கால்வாசி. இந்திய நில அளவைத் துறை (சர்வே ஆஃப் இந்தியா) வெளியிடும் ஓத அட்டவணையை வைத்து எந்த நாள், எத்தனை மணி என்று முன்கூட்டியே பார்த்துவிடலாம்.

அந்த நீல வெளிச்சம்?

டைனோஃபிளாஜெல்லேட் எனும் ஒற்றைச் செல் உயிரிகளின் வேலை அது. தண்ணீர் கலங்கும்போது அவற்றுக்குள் நடக்கும் ஒரு வேதிவினை, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் ஒளியை உமிழும். ஒளி மங்கலானது. நிலா இருந்தால் சரியாகத் தெரியாது. ஆகவே அமாவாசையை ஒட்டிய இரவுகள்தான் நல்லவை. (செல்போன் வீடியோவில் வரும் அளவுக்கு நேரில் 'பளிச்' என்று இருக்காது. பல படங்கள் நீண்ட எக்ஸ்போஷர் வைத்து எடுத்தவை.)

இங்கேதான் சிக்கல். எந்த இரவு மிக இருட்டோ, அதையொட்டித்தான் ஓதமும் வலுவாக இருக்கும். அமாவாசை கழிந்து ஓரிரு நாளில் அது உச்சத்தைத் தொடும். பார்க்க வேண்டிய இரவும் பார்த்துப் போக வேண்டிய இரவும் ஒன்றேதான். நல்ல விஷயம் என்னவென்றால், தை, மாசி, பங்குனி அமாவாசைகள் எல்லாமே மழை குறைந்த பருவத்தில் வருகின்றன. மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கடலின் முகமே வேறு.

முதலை இருக்குமா?

இருக்கும். உப்புநீர் முதலைகளின் வீடே இந்தக் கழிகள்தான். 2010 ஏப்ரலில் ஹேவ்லாக் தீவில் ஸ்நார்கலிங் செய்துகொண்டிருந்த அமெரிக்கப் பெண் ஒருவர் முதலை தாக்கி உயிரிழந்தார். இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. ஆனால் முதலை சுறுசுறுப்பாக இருப்பது அந்தி முதல் விடியல் வரை, நீங்கள் ஒளியைப் பார்க்கப் போகும் அதே நேரம். கழியில் கையைத் தண்ணீருக்குள் தொங்கவிடாதீர்கள். சேற்றுக் கரையில் இறங்கிக் கால் கழுவாதீர்கள். வழிகாட்டி ஒரு திருப்பத்தை விட்டுவிட்டு வேறு பக்கம் போனால், "ஏன் அங்க போகல?" என்று அடம்பிடிக்காதீர்கள். எந்த முதலை எங்கே படுக்கும் என்பது தினம் அந்தத் தண்ணீரில் போகிறவருக்குத்தான் தெரியும்.

மாயாபந்தர் பகுதியில் இந்த அறிவுக்குப் பெயர்போனவர்கள் கரேன் மக்கள். 1925ல் பர்மாவிலிருந்து காட்டு வேலைக்கு அழைத்து வரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். வண்டூரில் உள்ள அந்தமான் நிகோபார் சுற்றுச்சூழல் குழுவின் ஆய்வுகளிலும் கரேன் களப்பணியாளர்கள் நீண்ட காலமாக உண்டு.

ஆளில்லாத கரை என்றால் திறந்த கரையா?

இல்லை. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மேப்பில் தெற்கு, மத்திய அந்தமானின் மேற்குக் கரையைப் பாருங்கள்: ஊர் இல்லை, ரோடு இல்லை, பச்சை மட்டும். அது ஜராவா மக்களின் காப்பகம். 1956ல் கொண்டுவரப்பட்ட பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி அனுமதியில்லாமல் நுழைவது குற்றம், சிறைத்தண்டனை உண்டு. கரையை ஒட்டிய கடலும் இதில் அடக்கம்.

வடக்கு சென்டினல் தீவுக்கு 2018 நவம்பரில் போய் உயிரிழந்த அமெரிக்க இளைஞர் மீனவர் படகிலிருந்து கரைக்குப் போகப் பயன்படுத்தியது ஒரு கயாக்தான். 2025ல் அதே தீவில் இறங்கியதற்காகக் கைதான இன்னொருவர், முந்தைய ஆண்டு காற்று நிரப்பும் கயாக்கில் போக முயன்றதாகப் போலீஸ் சொன்னது. சத்தமில்லாத படகு என்பதால் யாருக்கும் தொந்தரவில்லை என்று நினைக்கத் தோன்றும். நமக்குச் சாதாரணமான சளி, காய்ச்சல் கிருமி அங்கே ஒரு சமூகத்தையே அழிக்கலாம்.

தேசியப் பூங்காக்களுக்கு வனத்துறை அனுமதி தேவை. ஆளில்லாத தீவில் கூடாரம் போடலாம் என்று யாராவது சொன்னால், நிர்வாகத்தின் அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

அப்போ வழிகாட்டிக்கு எதற்குப் பணம்?

'வேண்டாம்' என்று சொல்வதற்கு. நான் போனபோது ஏப்ரல் முதல் வாரம். மாலை வானம் சுத்தமாக இருந்தது. கிழக்கே வெகு தொலைவில் மட்டும் ஒரு மின்னல். வழிகாட்டி ஐந்து நிமிடம் அதையே பார்த்துவிட்டு, "இன்னிக்கு இல்ல" என்று படகுகளைக் கவிழ்த்துப் போட்டார். எனக்குச் செம கடுப்பு. மறுநாள் காலை ஃபிளைட். இரவு ஒன்பது மணிக்கு இடி மின்னலோடு மழை கொட்டியபோது நான் அறைக்குள் இருந்தேன்.

பணம் கட்டும் முன் கேளுங்கள்: ரத்தானால் பணம் திரும்ப வருமா, அல்லது வேறு நாள் தருவார்களா? இது கஞ்சத்தனமான கேள்வி இல்லை. ரத்து செய்தால் நஷ்டம் என்ற நிலையில் இருக்கும் நிறுவனம், ரத்து செய்யத் தயங்கும். வழிகாட்டிக்கு என்ன பயிற்சி, ஒருவர் எத்தனை படகைப் பார்த்துக்கொள்வார், உங்கள் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் உண்டா, சிக்னல் இல்லாத இடத்தில் எப்படித் தகவல் சொல்வார் என்றும் விசாரியுங்கள். கோவாவில் மத்திய அரசின் தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் பயிற்சிச் சான்றிதழ் தருகிறது. சுற்றுலா அமைச்சகம் 2018ல் சாகசச் சுற்றுலாவுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஆனால் அவை நெறிகள்தான், சட்டம் இல்லை. கேட்பது உங்கள் வேலை. நீச்சல் தெரியாவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அமைதியான கழியில் அது தடையில்லை, திறந்த கடலில் விஷயம் வேறு. பயணக் காப்பீட்டில் சாகச விளையாட்டு அடங்குமா என்றும் ஒருமுறை படித்துப் பாருங்கள், பல பாலிசிகளில் அது விலக்குப் பட்டியலில் இருக்கும்.

கடிகாரமும் கவனம். அந்தமான் சென்னையிலிருந்து 12 டிகிரிக்கு மேல் கிழக்கே. கடிகாரம் மட்டும் ஒன்றே. எனவே சூரியன் அங்கே சென்னையைவிட ஏறத்தாழ 50 நிமிடம் முன்னதாக மறையும். பிப்ரவரியில் மாலை ஐந்தரைக்கெல்லாம் அஸ்தமனம். "நாலு மணிக்கு மெதுவா கிளம்பலாம்" என்பது நம்மூர்க் கணக்கு.

கிளம்பும் நாளில் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையத்தின் அலை, காற்று முன்னறிவிப்பை அதன் 'சமுத்ரா' செயலியில் பாருங்கள். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படையின் எண் 1554. சிக்னல் இருக்கும்போதே அதைப் போனில் சேமித்து, போனை நீர்புகாப் பையில் போட்டு, பையை லைஃப் ஜாக்கெட்டோடு கட்டிக்கொள்ளுங்கள். படகில் வைத்தால் படகு கவிழும்போது அதுவும் போய்விடும்.