சாதி நாய்: இந்திய நாய்க் கண்காட்சியும் வம்சாவளிப் பதிவேடும்

தமிழில் நாய் வளர்ப்போரிடையே 'சாதி நாய்' என்றொரு சொல் நெடுங்காலமாகப் புழங்குகிறது. தாய் தந்தை இன்னவை என்று அறியப்பட்ட, விலை கொடுத்து வாங்கப்பட்ட நாயை அச்சொல் குறிக்கும். அதன் எதிர்ச்சொல் 'தெருநாய்'. இந்தப் பிரிவினை இயற்கையானது போலத் தோன்றினாலும் அதற்கென ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாறு இருநூறு ஆண்டுகளுக்கும் குறைவானது. அதன் முதன்மையான களம் நாய்க் கண்காட்சி.

மனிதருடன் நாய் வாழ்ந்த காலம் பல்லாயிரம் ஆண்டுகள். அக்காலத்தின் பெரும்பகுதியில் நாயின் பெயர் அதன் தொழிலிலிருந்தே பிறந்தது. முயல் பிடிப்பது ஒன்று, ஆட்டுப்பட்டி காப்பது ஒன்று, எலி பிடிப்பது ஒன்று. ஒரே தொழிலைச் செய்யும் இரு நாய்கள் நிறத்தாலும் முடியாலும் வேறுபட்டிருந்தால் அதை எவரும் குறையாகக் கருதியதில்லை. 1859ஆம் ஆண்டு சூன் திங்களில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் நடந்த கண்காட்சி இந்நிலையை மாற்றத் தொடங்கியது. நவீன நாய்க் கண்காட்சிகளில் முதலாவது எனப் பொதுவாகக் கருதப்படும் அதில் பாயிண்டர், செட்டர் என்னும் இரு வகைத் துப்பாக்கி வேட்டை நாய்கள் மட்டுமே இடம்பெற்றன. 1873இல் இலண்டனில் கென்னல் கிளப் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டே அதன் வம்சாவளிப் பதிவேடு வெளிவந்தது. 1891இல் சார்லஸ் கிரஃப்ட் தம் பெயரால் தொடங்கிய கண்காட்சி இன்றும் உலகப் புகழுடன் நடந்துவருகிறது.

இவ்வமைப்பின் இயக்கம் மூன்று ஏற்பாடுகளைச் சார்ந்தது. முதலாவது, இனத்தர வரையறை. தலை, காது, வால், முடி, நடை ஆகியவை எவ்வாறு அமைய வேண்டும் என்பதை அது எழுத்தில் நிறுவுகிறது. இரண்டாவது, பதிவேடு. பதிவுபெற்ற பெற்றோருக்குப் பிறந்த குட்டியே பொதுவாக அதில் இடம்பெறும். மூன்றாவது, களம். நடுவர் பல்வரிசையைப் பார்த்து, முதுகைத் தடவி, நாயை ஓடவிட்டு நோக்குகிறார். கோட்பாட்டின்படி அவர் ஒரு நாயை இன்னொரு நாயுடன் ஒப்பிடுவதில்லை. எழுத்திலுள்ள இலட்சிய நாயுடனேயே ஒவ்வொன்றையும் ஒப்பிடுகிறார். தொழிலால் அறியப்பட்ட நாய் தோற்றத்தால் அறியப்படும் நாயாக மாறியது இவ்வாறுதான். இம்மாற்றத்தை ஆராய்ந்த மைக்கேல் வொர்பாய்ஸ், ஜூலி-மேரி ஸ்ட்ரேஞ்ச், நீல் பெம்பர்ட்டன் ஆகியோர் 2018இல் வெளியிட்ட தம் நூலுக்கு 'நவீன நாயின் கண்டுபிடிப்பு' என்னும் பொருள்படப் பெயரிட்டது பொருத்தமே.

இந்தியாவுக்கு இவ்வழக்கம் படைமுகாம்கள், மலைவாழிடங்கள், தோட்டங்கள் ஆகியவற்றின் வழியே வந்தது. உதகை வேட்டைக் கழகத்தார் இங்கிலாந்திலிருந்து ஃபாக்ஸ்ஹவுண்டு நாய்களைக் கப்பலில் கொணர்ந்து, நீலகிரிப் புல்வெளிகளில் நரிக்கு ஈடாகக் குள்ளநரியை விரட்டினர். சுதேச மன்னர்களும் வேட்டைநாய்க் கூடங்களை அமைத்தனர். இன்று சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் இந்தியக் கென்னல் கிளப் தன் தோற்றத்தை 1896ஆம் ஆண்டில் வைத்து எண்ணுகிறது.

வந்திறங்கிய நாய்க்கு வம்சாவளி எழுதப்பட்ட அந்நூற்றாண்டிலேயே, மண்ணின் நாய்க்கு வேறொரு நடைமுறை வகுக்கப்பட்டது. பம்பாயில் கோடைக் காலத்தில் தெருநாய்களைக் கொல்லும் வழக்கத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி நிர்வாகம் கடைப்பிடித்தது. கொன்ற நாய்களின் எண்ணிக்கைக்கேற்பக் கூலியும் வழங்கப்பட்டது. சரதுஷ்டிர சமயத்தில் நாய்க்குப் புனித இடம் உண்டு. இறந்தோர் உடலை நாய் நோக்குவது ஈமச் சடங்கின் ஓர் உறுப்பு. எனவே 1832 சூன் திங்களில் பார்சிகள் கடையடைத்துக் கிளர்ந்தெழுந்தனர். அந்நகரின் வரலாற்றில் அது 'நாய்க் கலவரம்' என்றே பெயர் பெற்றது.

அந்த நாய்க்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. தமிழகத்தின் ஒடுக்கப்பட்ட சமூகம் ஒன்றின் பெயரைத் திரித்து, 'ஒதுக்கப்பட்டவன்' என்னும் பொருளேற்றி, அதையே உரிமையாளர் இல்லாத நாய்க்கும் அடைமொழியாக்கினர். 'பரையா டாக்' என்னும் அத்தொடர் விலங்கியல் எழுத்திலும் அகராதிகளிலும் நிலைபெற்றது. ஆங்கிலத்தில் சாதியைக் குறிக்கும் 'காஸ்ட்' என்னும் சொல்லின் மூலமான போர்த்துகீசியக் 'காஸ்டா'வுக்கு 'குலம், இனவழி' என்பது பொருள். விலங்குக்கும் மனிதருக்கும் ஒரே சொல்லால் வம்சம் பேசும் பழக்கம் இரு பக்கத்திலும் இருந்திருக்கிறது. தமிழின் 'சாதி நாய்' தனித்து நிற்கும் சொல் அன்று.

இங்கே இரு ஆண்டுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். குற்றப் பரம்பரைச் சட்டம் இயற்றப்பட்டது 1871இல். இலண்டன் கென்னல் கிளப் தோன்றியது 1873இல். ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று கொள்வதற்கில்லை. ஆயினும் இரண்டும் ஒரே காலத்தின் ஒரே நம்பிக்கையைச் சார்ந்தவை: குணம் இரத்தத்தில் இறங்கும், எனவே பிறப்பைப் பதிவேட்டில் எழுதினால் இயல்பை அறியலாம். ஒரு பதிவேடு நாய்க்குப் பெருமை தந்தது. மற்றொன்று மனிதருக்கு இழிவு சுமத்தியது. நாடோடிகளும் வேட்டைச் சமூகத்தாரும் பலர் இரண்டாம் பதிவேட்டில் சிக்கினர். இந்தியாவின் வேட்டைநாய்களை வளர்த்துக் காத்தவர்களுள் இத்தகையோர் கணிசமானவர்.

இம்முரணை ஒரே இடத்தில் காண உதவுவது முதோள். இன்றைய கருநாடகத்தின் பாகல்கோட்டை மாவட்டத்தில் உள்ள இவ்வூர், கோர்படே மரபினர் ஆண்ட சிறு சுதேச அரசின் தலைநகராக இருந்தது. இவ்வரசின் எல்லைக்குள் இருந்த ஹலகலி என்னும் ஊரில் 1857இல் பேடர்கள் கிளர்ந்தெழுந்தனர். வேட்டையாடி வாழ்ந்த அவர்களிடமிருந்து ஆயுதங்களைப் பறிக்க முனைந்த சட்டமே அதற்குக் காரணம். ஊர் தீக்கிரையாயிற்று, பலர் தூக்கிலிடப்பட்டனர். கன்னட நாட்டார் பாடல்கள் அந்நிகழ்வை இன்றும் நினைவில் வைத்துள்ளன.

அரை நூற்றாண்டுக்குப் பின் முதோள் என்னும் பெயர் வேறு காரணத்தால் புகழ்பெற்றது. நீண்டு குறுகிய தலையும் ஒடுங்கிய வயிறும் கொண்ட, பார்வையால் இரையைத் துரத்தும் வேட்டைநாய் அது. உள்ளூர் வேட்டையாடிகளிடம் இருந்த நாய்களைக் கவனித்த அரசர் மாலோஜிராவ் கோர்படே அவற்றைத் தேர்ந்தெடுத்து வளர்த்தார் என்றும், ஓரிணையை ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்குப் பரிசளித்தார் என்றும் வழக்கமாகச் சொல்லப்படுகிறது. இக்கூற்றில் அரசருக்குப் பெயர் உண்டு; பரிசு பெற்ற மன்னருக்கும் பெயர் உண்டு. நாயை அதுவரை தலைமுறை தலைமுறையாகத் தெரிவுசெய்து வளர்த்தவர் 'உள்ளூர் வேட்டையாடிகள்' என்ற இரு சொற்களுக்குள் அடங்கிவிடுகின்றனர்.

நாயின் பெயரிலும் இப்பூசல் தொடர்கிறது. தக்காணத்துச் சிற்றூர்களில் அதன் பெயர் 'கர்வானி': வணிகச் சாத்துகளுடன் வந்த நாய், அல்லது சாத்துக்காரர் வளர்த்த நாய். இந்தியக் கென்னல் கிளப் அதைக் 'காரவான் ஹவுண்டு' என்று பதிவு செய்கிறது. இந்தியத் தேசியக் கென்னல் கிளப் 'முதோள் ஹவுண்டு' என்கிறது. முதற்பெயர் அலைந்து திரிந்தோரின் நினைவைத் தாங்குகிறது. இரண்டாம் பெயர் அரண்மனையின் நினைவைத் தாங்குகிறது. உத்தரப் பிரதேசத்தின் இராம்பூர் ஹவுண்டுக்கும் இதுவே கதி. ஆப்கானிய தாஜி நாயையும் ஆங்கிலேய கிரேஹவுண்டையும் கலந்து அதை நவாபு ஒருவர் உருவாக்கினார் என்பதே பரவலான வரலாறு. இந்திய வேட்டைநாயின் பெருமையை நிறுவ ஓர் அரசரும் ஓர் அயல்நாட்டு மூதாதையும் தேவைப்பட்டிருக்கின்றனர். மனிதரின் குலவரலாறுகளைப் படித்தோருக்கு இந்த உத்தி புதிதன்று.

விடுதலைக்குப் பின் கண்காட்சி நகர்ப்புற நடுத்தர வர்க்கத்தின் கைக்கு வந்தது. சமவெளி நகரங்களில் குளிர்காலத்திலும் உதகையில் மே திங்களிலும் களங்கள் கூடுகின்றன. கல்லூரி மைதானத்தின் பந்தல் நிழலில் முடி வாரும் மேசைகள் விரிகின்றன. முந்தைய ஈற்றுகளின் கதைகள் பரிமாறப்படுகின்றன. தோற்ற நாயின் உரிமையாளர் நடுவரின் கண்ணைக் குறை கூறுகிறார். அல்சேஷன் வைத்திருப்பவருக்கு அதன் அறிவே அறிவு. கிரேட் டேன் வைத்திருப்பவருக்கு அதன் கம்பீரமே கம்பீரம். லாப்ரடார் வைத்திருப்பவர் குணத்தில் அதை வெல்ல எதுவும் இல்லை என்பார். இவ்வன்பை மேட்டுக்குடிப் பகட்டு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அது முழு உண்மை அன்று.

நாட்டு இனங்கள் இன்று பேசப்படுவதற்குக் காரணமானோருள் இந்த ஆர்வலர்களும் அடங்குவர். இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவற்றைத் தேடிச் சிற்றூர் சிற்றூராக அலைந்து, களத்தில் சீமை நாய்களுக்கு அருகில் நிறுத்தியவர்கள் அவர்கள். 2005இல் இந்திய அஞ்சல் துறை இமயமலை ஆட்டுநாய், இராம்பூர், முதோள், இராசபாளையம் ஆகிய நான்கு இனங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. முதோள் நாய்கள் மீரட்டில் உள்ள இராணுவப் பயிற்சி மையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. சு. தியடோர் பாஸ்கரன் 2017இல் இந்திய நாய்களைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதினார். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவளப் பணியகம் இராசபாளையம், சிப்பிப்பாறை, முதோள் ஆகியவற்றை இனங்களாக முறைப்படி பதிவு செய்தது. மாடும் ஆடும் மட்டுமே மரபுவளம் எனக் கருதப்பட்ட நாட்டில் இது சிறிய மாற்றம் அன்று.

எனினும் பதிவேட்டில் ஏறுவதற்கு விலை உண்டு. இராசபாளையம் நாயின் இலட்சிய நிறம் தூய வெண்மை, மூக்கு இளஞ்சிவப்பு. நிறமி உயிரணுக்கள் தோலுக்கு மட்டும் உரியவை அல்ல. உட்செவி இயங்குவதற்கும் அவை தேவை. வெண்மையையே தேர்ந்தெடுத்து வளர்க்கும்போது பிறவிச் செவிடான குட்டிகள் பிறக்கும் வாய்ப்பு மிகுகிறது. காவலுக்கும் பன்றி வேட்டைக்கும் வளர்த்த காலத்தில் காது கேளாத நாயை எவரும் இனவிருத்திக்கு வைத்திருக்கமாட்டார். களத்தின் கண்ணோ நிறத்தைக் காணும், செவியைக் காணாது. பிரிட்டனில் 2008இல் ஒளிபரப்பான ஓர் ஆவணப்படம் இத்தகைய மரபுநோய்களை வெளிக்கொணர்ந்தபோது, பி.பி.சி. கிரஃப்ட்ஸ் கண்காட்சியின் ஒளிபரப்பை நிறுத்தியது; கென்னல் கிளப் இனத்தர வரையறைகளைத் திருத்த நேர்ந்தது. இந்தியாவில் 2003ஆம் ஆண்டின் தொலைபேசி விளம்பரம் ஒன்றால் பெருகிய பக் நாய்கள், சப்பை மூக்குடன் நம் கோடையில் மூச்சுவாங்குவதும் இதே வரலாற்றின் பகுதியே.

இரண்டாவது விலை தொழிலின் மறைவு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991இன் திருத்தமும் வேட்டைக்கு முடிவு கட்டின. வனவுயிர்களைக் காக்க அது இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் விளைவாக வேட்டைநாயின் வேகத்தையும் மூச்சையும் சோதித்துத் தெரிவு செய்யும் வழி அடைபட்டது. முயலைத் துரத்திய நாட்டுப்புறத்தான் குற்றவாளியானான். அவன் நாயின் பேரக்குட்டி பட்டுக்கயிற்றில் களத்தைச் சுற்றி வந்து கோப்பை பெறுகிறது. உடலமைப்பு எஞ்சியிருக்கிறது. எதற்காக அவ்வுடல் அவ்வாறு அமைந்தது என்னும் அறிவு, அதை வளர்த்தவரோடு மறைந்து வருகிறது.

ஆய்வாளர்களுக்கு இங்கே செய்யத்தக்க பணி ஒன்று காத்திருக்கிறது. பழைய கண்காட்சிப் பட்டியல்களும், உரிமையாளர் வீடுகளில் உள்ள வம்சாவளிச் சான்றிதழ்களும், மங்கிய நிழற்படங்களும் ஆவணக் காப்பகங்களுக்கு வராமலே அழிந்துகொண்டிருக்கின்றன. அவற்றுக்கு இணையாக, எந்தப் பெண்நாய் எந்த ஊரிலிருந்து வந்தது, எந்த ஈற்றில் எத்தனை குட்டி தேறியது என்பதை மனத்திலேயே வைத்திருக்கும் முதியோர் தக்காணத்திலும் தென்தமிழகத்திலும் இருக்கிறார்கள். அவர்களிடமும் வம்சாவளி இருக்கிறது, அது எழுதப்படவில்லை.

நாய்க்கு ஐந்து தலைமுறை மூதாதையரின் பெயரைத் தேடி எழுதும் அதே அக்கறையுடன், முதல் நாயைக் கொடுத்தவரின் பெயரையும் ஊரையும் ஒரு வரியில் எழுதிவைப்பது கடினமான செயல் அன்று. கண்காட்சியை நேசிப்போர் அவ்வரியைச் சேர்ப்பார்களாயின், 'சாதி நாய்' என்னும் சொல்லுக்குள் இதுவரை இடம்பெறாத மனிதர்கள் அதன் வரலாற்றுக்குள்ளேனும் இடம்பெறுவார்கள்.